நம்ம ஆளு டாக்டரு

ஏல, சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க. நாலு பேரும் வாயப் பொத்திக்கிட்டு தோளு குலுங்குதது எனக்குத் தெரியுது. நீங்க யாரும் இங்க இல்லைன்னும் தெரியும். காலைல பத்தரை மணிக்கு உங்கள்ல ஒருத்தன் காலேஜுல கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குவான், ஒருத்தன் கோடவுன்ல பொட்டி அடுக்குவான், மத்த ரெண்டு பேரும் இன்னும் போர்வைக்குள்ள. இருந்தாலும் எனக்கு வாயி சும்மா இருக்காதே, அதனால உங்களப் பூராம் மண்டைக்குள்ள வரிசையா உக்கார வச்சுத்தான் பேசுதேன். வெளியருந்து பாத்தா நான் ரொம்ப ஒழுக்கமான பையன். சிட்னிக்கு மேக்கால டூங்காபில ஒரு கிளினிக்கு, நீலக்கலர் பிளாஸ்டிக் சேரு, எதுத்தாப்புல ஒரு மீன்தொட்டி, பக்கத்துல எங்கம்மா. ஜூலை மாசக் குளிருக்கு சேலை மேல ஸ்வெட்டரு, ஸ்வெட்டரு மேல எங்கப்பாவோட வொர்க்ஷாப் ஜாக்கெட்டு, முதுகுல பெருசா லாரிக் கம்பெனி பேரு. மடில ஒரு துணிப்பை. அதுக்குள்ள மெடிகேர் கார்டு, ரத்த டெஸ்ட் பேப்பரு, மாத்திரை டப்பா, வழில பசிச்சா திங்க ரெண்டு வாழைப்பழம். வீட்டுலருந்து இங்க கார்ல எட்டு நிமிசம். எட்டு நிமிசத்துல யாருக்கும்மா பசிக்கும்னு கேட்டதுக்கு, உனக்குத்தாம்ல பசிக்கும், வாயி ஓடிக்கிட்டே இருக்குல்லான்னா. ஜோக்கு எனக்கு எங்கருந்து வந்துச்சுன்னு இப்ப தெரியுதா.

சரி, ஜோக்கு போதும். எங்கம்மாவுக்கு எட்டு மாசமா ரத்தம் போவுது. மூக்குல இல்ல. கையில வெட்டிக்கிடல. மாசா மாசம் வாரது நின்னு மூணு வருசம் ஆச்சு, அது திரும்ப வருது. இந்த ஒரு வரியச் சொல்ல எனக்கு எட்டு மாசம் ஆயிருக்கு, அதுவும் மண்டைக்குள்ள, அதுவும் இங்க இல்லாத நாலு பயலுவகிட்ட. போன சனிக்கிழமை இந்தியன் மளிகைக் கடையில பொன்னி அரிசி மூடைக்கு முன்னால மயங்கி விழுந்தா. விழுதப்ப கூட மூடையப் புடிச்சுக்கிட்டுத்தான் விழுந்தா, அரிசி கொட்டிரக் கூடாதாம். நான் அங்கன முறுக்குப் பாக்கெட்டு பாத்துக்கிட்டு நின்னேன். தொபுக்குன்னு ஒரு சத்தம், நான் மூடைதான் சரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன், திரும்பவே இல்ல. கடைக்காரரு, "தம்பி, உங்க அம்மா"ன்னாரு. அந்த "உங்க அம்மா" இன்னும் காதுக்குள்ள கெடக்கு. மூஞ்சி மாவு மாதிரி வெள்ள. உதட்டுல கலரே இல்ல. நாங்க வீடு வந்து சேரதுக்குள்ள தமிழ்ச் சங்கத்து வாட்சப் குரூப்புல பதினேழு மெசேஜு. விழுந்தது யாரு, எந்த உலகம்மா, அந்த மெக்கானிக் வீட்டு உலகம்மாவா, படிப்ப விட்டானே ஒரு பையன், அவன் அம்மாவா. ரத்தமில்லாமக் கெடக்கவளுக்கு அடையாளம் நான்தான். சவத்து மூதிங்க.

அப்பாகிட்ட அன்னைக்குத்தான் வாயத் தொறந்து சொன்னா. எட்டு மாசமா அந்த மனுசனுக்கும் தெரியாது. அவரு சமையக்கட்டுல நின்னுக்கிட்டு கையில கரண்டிய வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம என்னத்தான் ஏசினாரு. "நீதானல அந்த வெள்ளக்காரன்கிட்ட கூட்டிட்டுப் போன? ரெண்டு தடவ போனியே, என்னத்தல கிழிச்ச?" நான் சொன்னேன், அவன் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்தான், அவனுக்கு ஒரு மண்ணும் தெரியல, அவனுக்கு நம்ம பொம்பளைங்கன்னா கம்ப்ளைண்ட் பண்ணிக்கிட்டே இருப்பாளுகன்னு நெனப்பு. சொல்லச் சொல்ல எனக்கே கோவம் ஏறிச்சு. நெசமாவே ஏறிச்சு. அந்த க்ரெய்க் டாக்டரு, வழுக்கைத் தல, சட்டையில சின்னச் சின்ன யானைப் படம் போட்ட டை, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல அவன் விடுத மூச்சு. பன்னெண்டு நிமிசம். பன்னெண்டு நிமிசத்துல ஒரு பொம்பள ஒடம்ப எப்படிலே புரிஞ்சுக்கிட முடியும். ரத்த டெஸ்ட் எடுத்தான், இரும்பு கம்மின்னான், சேருல சாஞ்சு என்னப் பாத்து ஒண்ணு கேட்டான், கேட்டுட்டு... அத விடுங்க. மாத்திரை எழுதினான். கருப்பு மாத்திரை. அதத் தின்னா வயித்துல கல்லு கெட்டுன மாதிரி ஆயிருது, எங்கம்மா அதுக்கு வேற கொய்யாப்பழம் தேடி கடை கடையா அலைஞ்சா. எட்டு மாசம் ஓட்டச் சட்டில தண்ணி ஊத்துன மாதிரி ஒரு பக்கம் மாத்திரை, ஒரு பக்கம் ரத்தம். ஓட்டைய எவனும் பாக்கல. க்ரெய்க்கு, உன்னய ஒரு நாளு நான் தெருவுல பாத்தேன்னா.

அதுக்குப் பொறவுதான் எங்கம்மா அந்த வார்த்தையச் சொன்னா. "நம்ம ஆளு டாக்டரா இருந்தா கேட்டிருப்பாங்கய்யா. இவுகளுக்கு நாம சொல்லுதது காதுலயே ஏறாது." அவ்வளவுதான், வீட்டுல ஒரு தேர்தலே ஆரம்பிச்சுட்டு. நம்ம ஆளு டாக்டரக் கண்டுபுடிக்கணும். அப்பா என்னப் பாத்து, "டாக்டராத்தான் ஆகல, ஒரு டாக்டரத் தேடிக் குடுக்கவாவது லாயக்கா இருக்கியா பாப்போம்"னாரு. இங்க கம்ப்யூட்டர் படிக்கத்தான சேத்துவிட்டீரு, டாக்டருக்கா சேத்துவிட்டீருன்னு கேக்க வாயி வந்துச்சு, கேக்கல. குரூப்புல போட்டேன். தமிழ் பேசுத லேடி டாக்டர் வேணும், டூங்காபி பக்கம், ஒரு ஃப்ரெண்டுக்கு. ஒடனே ஏழு பேரு: யாருக்கு, என்ன செய்யுது. ஒருத்தரு பீட்ரூட் ஜூசு. ஒரு அம்மா சீரகத் தண்ணி, வெறும் வயித்துல. ஒருத்தன் நாலு பெட்ரூம் வீடு வெலைக்கு. கடைசியா ஒரு நல்ல மனுசன் லிஸ்டு அனுப்புனாரு, நம்மவர் மருத்துவர்கள்னு தலைப்புப் போட்டு. நானும் வரிசையா போன் போடுதேன். மொதல் ஆளு செத்துப்போயிட்டாரு. ரெண்டாவது ஆளு பெர்த்துக்குப் போயிட்டாரு. மூணாவது ஆளு டாக்டருதான், ஆனா மாட்டுக்கு. எப்பவோ எவனோ போட்ட லிஸ்ட நாடு பூரா ஃபார்வேர்ட் பண்ணிக்கிட்டு இருக்கானுவ, திருநூறு பொட்டலம் கணக்கா.

சரி, இந்தியன் டாக்டருன்னு தேடினா தெருவுக்கு நாலு பேரு இருக்காங்கல்லா, என்ன கஷ்டம்னு நீங்க கேப்பீங்க. எங்க வீட்டுல ஒக்காந்து பாத்தாத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். ஸ்டேசனுக்கு எதுத்தாப்புல ஒரு குஜராத்தி டாக்டரு, தங்கமான மனுசன்னு எல்லாரும் சொல்லுதாங்க. இந்தில பேசுவாராம். எங்கம்மாவுக்கு இந்தில தெரிஞ்சது அச்சா மட்டும். ரத்தம் போவுதுக்கு அச்சான்னா சொல்ல முடியும். அடுத்து ஒரு தெலுங்கு டாக்டரம்மா, தமிழும் பேசுமாம், மெட்ராஸ்ல படிச்சதாம், ஆனா புது ஆளு எடுக்க மாட்டாங்களாம், போன எடுத்த பிள்ள பாட்டு பாடுத மாதிரி சொல்லுது, மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க. அடுத்து ஒருத்தரு பச்சத் தமிழரு, மதுரைக்காரரு, ஆனா ஆம்பள. எங்கம்மா தலைய ஆட்டிட்டா. கடைசியா ஒரே ஒரு ஆளு, டாக்டர் தேவசேனா, தமிழு, பொம்பள, கைராசி, அஞ்சு நிமிச தூரம். எல்லாம் பொருந்தி வந்தா அப்பா குறுக்க விழுதாரு. "அந்தம்மாவா? அவுக மாமியாரு நம்ம சங்கத்துல வெள்ளிக்கெழம பஜனைக்கு உன் அம்மா பக்கத்துலதான உக்காருது? இங்க சொன்னா அங்க மைக்குலயே வாசிச்சிருவாங்க." டாக்டரு வெளிய சொல்ல மாட்டாங்க, சட்டம் இருக்குன்னேன். "சட்டம் டாக்டருக்கு, மாமியாருக்கு இல்ல"ங்காரு. அதாவது என்னான்னா, நம்ம ஆளா இருக்கணும், ஆனா நம்ம ஆளா இருக்கக் கூடாது. நம்ம பாஷை பேசணும், ஆனா நம்ம கூட பேசுத ஆளுகூட பேசக் கூடாது. இப்படி ஒரு மனுசன கடவுளே புதுசாப் பண்ணாத்தான் உண்டு. இதுல நடுவுல அப்பா ஒவ்வொரு பேருக்கும் கேக்காரு, எந்த ஊராம், என்ன ஆளுகளாம். பொண்டாட்டிக்கு ரத்தம் நிக்கல, டாக்டரு என்ன ஆளுன்னு தெரியணுமாம். நான் கத்தினேன். நல்லாக் கத்தினேன். அம்மா சாய்மானமா சோபால ஒக்காந்துக்கிட்டு, அவரு பயத்துல பேசுதாரு, விடுன்னா. பயந்தா வாய மூடிக்கிட்டு இருக்கணும்யா. பயத்துல உளறக் கூடாது. பயத்துல ஒளறுனா... சரி.

மீன்தொட்டில ஒரு ஆரஞ்சு மீனு ஒரே மூலைல நின்னு கண்ணாடிய கொத்துது. வாய தொறக்கும், மூடும். தொறக்கும், மூடும். அதுவும் எவனுக்கோ மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கு போல. அம்மா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. "அது பசில இருக்குல" ங்கா. எல்லாமே அவளுக்குப் பசிதான். சுவத்துல டிவி, சத்தமில்லாம எவனோ ஒரு கேக்குக்கு க்ரீம் தடவுதான். கை கழுவுத மருந்து வாசம் மூக்குல ஏறி அந்த ரூமு ஞாபகம் வருது, க்ரெய்க்கு ரூமு, அங்கயும் இதே வாசம், போன நவம்பரு, வெயிலு, எம்பொறத்தால அம்மா ஒக்காந்திருந்தா, பொறத்தால இல்ல, பக்கத்துல, நான்தான் சேர முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டேன், ஆபீசரு மாதிரி. போன் பண்ணி தமிழ் ஆளக் கூப்புடவா, அரசாங்கத்துல ஓசியாவே ஆளு இருக்குன்னான் க்ரெய்க்கு. நான் இருக்கேன்லா, எதுக்குன்னேன். எட்டாங்கிளாஸுலருந்து நான்தான எல்லாத்துக்கும். கரெண்டு ஆபீஸு, பேங்கு, அப்பாவோட லைசென்ஸு, அம்மாவோட வேலைக்கு இன்டர்வியூ, அந்த குழந்தைங்க காப்பகத்து கிச்சன்ல, நான்தான் கூட உக்காந்து, அவ நல்லா சமைப்பா, சுத்தமா இருப்பான்னு சொன்னேன், அவ சொன்னது வேற, எனக்கு கால் வலிக்கும் நடுவுல ஒக்காரலாமான்னு கேளுன்னா, அத நான் கேக்கல, கேட்டா வேலை போயிரும்லா. வேலை கெடச்சுச்சு. அன்னைக்கு எங்கப்பா என்னத் தோள்ல தட்டினாரு. நல்லதுக்குத்தான சொன்னோம். எதச் சொல்லணும், எத விடணும்னு எனக்குத் தெரியும்னு நெனச்சேன். பதிமூணு வயசுப் பயலுக்குத் தெரிஞ்சுரும்னு நெனச்சு வாயில வீட்டுச் சாவியக் குடுத்துட்டாங்க. க்ரெய்க்கு கண்ணாடிய நெத்தில ஏத்திட்டு என்னப் பாத்துக் கேட்டான்... எத்தன தடவல இந்த எடத்துக்கே வருவ, ரெக்கார்டுல முள்ளு சிக்குன மாதிரி.

கூகுள்ல போட்டேன், மக்கா. சனிக்கிழமை ராத்திரி இல்ல, மறுநா மத்தியானம், டெலிவரிக்கு நடுவுல, எவன் வீட்டு வாசல்லயோ அவன் பிரியாணிப் பைய கையில வச்சுக்கிட்டு. நின்னதுக்கு அப்புறம் ரத்தம் ஏன் வரும். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காதுன்னு போட்டிருந்துச்சு. அந்தப் பெரும்பாலும்ங்கதப் புடிச்சுத் தொங்கினேன். அதுக்குக் கீழ அந்த இன்னொரு வார்த்தை. கர்ப்பப்பையில. சீக்கிரம் பாத்தா குணமாக்கிரலாம்னு கீழயே போட்டிருந்துச்சு. சீக்கிரம். சீக்கிரம்னா எத்தன மாசம்னு போடல. நவம்பரு, டிசம்பரு, ஜனவரின்னு வெரல மடக்கினேன், எட்டு வெரலு மடங்கிட்டு. கதவத் தொறந்தவன், ஆர் யூ ஓக்கேன்னான். சூடா இருக்கு சார், சீக்கிரம் சாப்பிடுங்கன்னேன். பாத்துக்கிடுங்க, அப்பவும் ஜோக்கு. எம்மூஞ்சிக்குள்ள எவனோ கோட்டிக்காரன் ஒக்காந்துக்கிட்டு, நான் அழப்போறப்பல்லாம் அவன் மைக்கப் புடுங்கிருதான்.

இந்த டாக்டரக் கண்டுபுடிச்சது எங்கம்மாதான். பஸ்ஸுல வேலைக்குப் போறப்ப இந்தப் போர்டப் பாத்திருக்கா, எழுத்துக்கூட்டி இங்கிலீஷப் படிச்சிருக்கா. டாக்டர் கோகிலா பிள்ளை. வீட்டுக்கு வந்து சொல்லுதப்ப பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கின மாதிரி சந்தோசம். "கோகிலான்னா நம்மூரு பேருல்லா. பிள்ளைன்னா திருநவேலியாக் கூட இருக்கலாம்." அப்பா மூஞ்சிலயும் வெளிச்சம். சங்கத்துல யாருக்கும் தெரியாத தமிழ் டாக்டரு, பொம்பள, பேரப் பாத்தாலே ஊரும் தெரியுது ஆளும் தெரியுது. லாட்டரி. நான் போட்டோவப் பாத்தேன், நெத்தில பொட்டு கூட இருந்துச்சு. எனக்கு என்ன சந்தோசம்னா, அத நான் உங்ககிட்டச் சொல்லித்தான் ஆகணும், இனிமே நான் உள்ள போக வேண்டாம். அம்மாவும் டாக்டரும் நேராப் பேசிக்கிடுவாங்க. நான் இங்கனயே மீனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கலாம். எவன் கேட்ட கேள்விக்கும் என் வாயி வேண்டாம்.

"யூ... லாகா... மல்?" ஒரு செவத்த அம்மா கதவுக்கிட்ட நின்னு பேப்பரப் பாத்துப் பாத்துக் கூப்புடுது, மருந்து பேரு வாசிக்க மாதிரி. உலகம்மாள்னு சொல்லு தாயி, ஒரு ஒலகத்தையே சொல்லத் தெரியல. அம்மா எந்திரிச்சா. எந்திரிச்சதும் ஒரு நொடி சேரப் புடிச்சுக்கிட்டா, கண்ண மூடி. நான் கையப் புடிச்சேன். சில்லுன்னு இருக்கு கை, நகத்துல செவப்பே இல்ல. "நீ போம்மா, அவங்களே தமிழ்லா, நான் இங்க இருக்கேன்." "கதவு வரைக்கும் வால." கதவு வரைக்கும் போனேன். உள்ள டாக்டரு எந்திரிச்சு நிக்கா, ஐம்பது வயசு இருக்கும், பொட்டு, கழுத்துல முருகன் டாலரு. அம்மா ரெண்டு கையையும் கூப்பி, மூஞ்சி மலந்து, "வணக்கம்மா. நீங்க நம்ம திருநவேலிப் பக்கம்தானம்மா?"ன்னா. டாக்டரு வணக்கம்னுச்சு. வெள்ளக்காரன் சொல்லுத வணக்கம் அது. அப்புறம் இங்கிலீஷு. மன்னிச்சிருங்க ஆன்ட்டி, எனக்குத் தமிழ் வராது, நாங்க டர்பன், சவுத் ஆப்பிரிக்கா, எங்க ஆளுங்க கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறி அஞ்சு தலைமொற ஆச்சு, தைப்பூசத்துக்கு காவடி எடுப்போம், பாட்டு கூடப் பாடுவேன், அர்த்தம் தெரியாது. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, ஆனா அவளுக்கே அது வலிக்க மாதிரி இருந்துச்சு. அம்மா திரும்பி என்னப் பாத்தா. ஏமாந்த பார்வைன்னு சொல்ல முடியாது. கோவில் நடை சாத்தினப்பொறவு போய் நின்ன மாதிரி. "என்னல சொல்லுதாக?" எனக்குக் கோவம், மக்கா. யார் மேலன்னு கேக்காதீங்க. கப்பல் மேல. கரும்பு மேல. பேர மட்டும் பத்திரமாக் கொண்டுபோயி பேச்சத் தண்ணில விட்ட அந்தக் கூட்டம் மேல. சேரு மூணு கெடக்கு ரூமுல. மூணாவது சேரு எனக்குத்தான், எனக்குன்னே போட்டு வச்சிருக்காங்க.

ஒக்காந்தேன். இந்தத் தடவ முன்னால இழுத்துப் போடல. மேசை மேல இடுப்பெலும்பு பொம்மை ஒண்ணு, பிளாஸ்டிக்கு. டாக்டரு என்னப் பாக்கல. அம்மாவப் பாத்துக்கிட்டே எங்கிட்ட இங்கிலீஷ்ல கேட்டா: "நீ சொல்லுதியா, இல்ல போன்ல ஆளக் கூப்புடட்டுமா? நீ மகன். சில விசயம் மகன் வாயால சொல்லச் சொல்லுதது ரெண்டு பேருக்குமே நியாயம் இல்ல." அம்மா, "என்னலே கேக்காக?"ங்கா. ஏல, அந்த எடத்துல எனக்கு ரெண்டு வழி இருந்துச்சு. நான் இருக்கேன்லான்னு சொல்லிரலாம். சொன்னா எல்லாம் எங்கைக்குள்ள. புதுசா ஆரம்பிச்ச மாதிரி சொல்லலாம், இப்பத்தான் ரெண்டு வாரமா ரத்தம்னு கூடச் சொல்லலாம், யாருக்கும் எதுவும் தெரியாது, க்ரெய்க்கு காதுல ஏறாத வெள்ளக்காரனாவே இருந்துட்டுப் போவான். நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. அம்மா கையப் பாத்தேன். பையோட வாரப் புடிச்சிருக்கா, அந்த நகம். இப்பத்தான் ரெண்டு வாரமான்னு நான் சொன்னா டாக்டரு அந்தக் கணக்குலதான பாப்பா. கூப்புடுங்கன்னேன். போன்ல ஆளக் கூப்புடுங்க.

ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளக் கொரலு, யாழ்ப்பாணத்துத் தமிழு. "வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் கதைக்கிறது ஒண்டும் வெளியில போகாது. பயப்பிடாமச் சொல்லுங்கோ." எங்கம்மா போனப் பாத்துக் கும்பிட்டா. அப்புறம் பேசினா பாருங்க. எட்டு மாசத்தையும் போனுக்கு முன்னால கொட்டிட்டா. மொத நாளு காப்பகத்துல பாத்திரம் கழுவுதப்ப வந்ததாம். அதுக்கப்புறம் வேலைக்குக் கருப்புப் பேண்ட்டுதானாம், பைக்குள்ள எப்பவும் மாத்துத் துணியாம். வாழைப்பழத்துக்கு அடில அதுதான் இருந்திருக்கு, நான் பையத் தூக்கிட்டு வந்தேன், எனக்குத் தெரியாது. ராத்திரி பாயக் கீழ போட்டுப் படுக்காளாம், மெத்தையில கறை பட்டுரும்னு. முதுகு வலிக்குன்னு சொல்லித்தான் கீழ படுத்தா, நான் கூட கேலி பண்ணினேன், ஆஸ்திரேலியா வந்தும் பாயான்னு. அந்தக் கொரலு ஒவ்வொண்ணா எடுத்து இங்கிலீஷ்ல வைக்குது, கூட்டல, குறைக்கல, வெக்கப்படல. எவ்வளவு சின்ன வேலை அது. சொன்னதச் சொல்லணும். அவ்வளவுதான் வேலை. நான் அந்த இடுப்பெலும்புப் பொம்மையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன், தல நிமிரல. டாக்டரு ஸ்கேனு, பெரிய டாக்டருக்கு லெட்டரு, இந்த வாரமே, நானே போன் பண்ணுதேன்னு என்னென்னமோ சொன்னா. புத்துநோயான்னு அம்மா நேராக் கேட்டா. நேரா, ஒரு வார்த்தையில. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாத்தாத்தான் தெரியும், இனிமே ஒரு நாளு கூடத் தள்ளக் கூடாதுன்னுச்சு அந்தக் கொரலு. அம்மா தலைய ஆட்டினா. அப்புறம் சொன்னா: "நான் மொத மாசமே சொன்னேன் தாயி, அந்தப் பழைய டாக்டருகிட்ட. அவுகதான் கண்டுக்கிடல."

டாக்டரு கம்ப்யூட்டரத் தட்டினா. பழைய கிளினிக்குலருந்து கோப்பு வந்திருக்கு. கண்ணு ஒரு எடத்துல நின்னுச்சு. திரும்ப வாசிச்சா. என்னப் பாத்தா, இன்னைக்கு மொத மொறையா. அப்புறம் அம்மாகிட்டத்தான் சொன்னா, மெதுவா. போன்கொரலு தமிழ்ல சொல்லுச்சு: "போன நவம்பர் மாசம் அந்த டொக்டர் எழுதியிருக்கிறாராம். ரத்தப்போக்கு இருக்கோ எண்டு கேட்டவராம். இல்லையெண்டு பதிலாம். மகன் சொன்னதெண்டு போட்டிருக்காம்." கம்ப்யூட்டரு மட்டும் உர்ருங்குது. அம்மா எம்பக்கம் திரும்பினா. நான் பொம்மையப் பாத்தேன். எவ்வளவு நேரம் பாத்தாளோ. அப்புறம் போன் பக்கம் குனிஞ்சு, கொரலு கூட மாறாம, "இல்ல தாயி. அவன் சின்னப் பய, அவனுக்கு என்ன தெரியும். நாந்தான் அன்னைக்கு ஒழுங்கா சொல்லல. என் தப்புதான்னு அவுககிட்டச் சொல்லுங்க." கொரலு அதையும் அப்படியே இங்கிலீஷ்ல வச்சுது. டாக்டரு கை கீபோர்டுக்குப் போவுது. ஒவ்வொரு எழுத்தா தட்டுதா. என் தப்புதான்னு எங்கம்மா பேருல ஏறுது. இன்னொரு பொய்யி, இன்னொரு கோப்புல, இதுவும் எனக்காகத்தான்.

டைப் பண்ணாதீங்கன்னேன். கொரலு எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல, கத்திட்டேன் போல, கதவுக்கு வெளிய அந்த செவத்த அம்மா எட்டிப் பாத்துச்சு. அம்மா, "ஏல, சும்மா இரு"ங்கா, கையப் புடிச்சு இழுக்கா. சும்மா இருக்க மாட்டேன்மா. அவ அன்னைக்கே சொன்னா, க்ரெய்க்கு ரூமுல. நின்னது திரும்ப வருதுன்னு சொல்லுலன்னு மூணு தடவ சொன்னா, என் முதுகுக்குப் பொறத்தால, மெதுவா. எனக்குக் கேட்டுச்சு. எனக்கு அந்த வார்த்தைய எங்கம்மாவப் பத்தி ஒரு ஆம்பளகிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அசதியா இருக்காங்களாம், தூக்கம் இல்லையாம்னு சொன்னேன், நடுவுல ஒரு ஜோக்கு கூட அடிச்சேன், அவன் சிரிச்சான். திரும்பி வாரப்ப கார்ல, சொன்னியாலன்னு கேட்டா. சொன்னேன், மாத்திரைலயே நின்னுரும்னுட்டாருன்னேன். ரெண்டாவது தடவ போனப்பவும் அதையேதான் சொன்னேன். வெள்ளக்காரன் காதுல ஏறலன்னு எட்டு மாசமா ஏசினேன், அப்பாகிட்ட, உங்ககிட்ட, இந்த மீன்கிட்ட. நம்ம ஆளு டாக்டரத் தேடி ஊரு பூரா அலைஞ்சோமே, அந்த ரூமுல நம்ம ஆளு ஒருத்தன் ஒக்காந்துதான் இருந்தான். க்ரெய்க்கு கேட்டான்லே. கண்ணாடிய நெத்தில ஏத்திட்டு, ரத்தம் ஏதும் போவுதான்னு நேராக் கேட்டான். நான் அம்மா பக்கம் திரும்பக் கூட இல்ல. இல்லைன்னு சொன்னேன்.